ரோட்ஸும் ஒரு வந்தேறிதானே? – பிரான்சிஸ் நியாம்ஜோவைப் படிப்பவர்களுக்கான இழை

மேசைமலை:
கேப் டவுனில் மென்பொருள் வேலையாக 3 வருஷம் இருந்தேன். சீ பாயிண்டில் நாங்கள் குடியிருந்த தெருவில் கார்களுக்குக் காவல் நின்றவர் ஒரு காங்கோக்காரர். லுபும்பாஷியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மினிபஸ் டாக்ஸியில் ஏறிவிட்டால், மனைவியே கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "வாயைத் திறந்தால் நான் யார் என்று வண்டி முழுக்கத் தெரிந்துவிடும்" என்றார். அவர் சொன்னது புரிய எனக்குப் பல மாதம் ஆனது. புரிய வைத்தவர் பிரான்சிஸ் நியாம்ஜோ.

காமரூனில் 1961இல் பிறந்த மானுடவியலாளர். யாவுண்டேயில் படித்தார், இங்கிலாந்தின் லெஸ்டரில் முனைவர் பட்டம் பெற்றார். புவேயாவிலும் போட்ஸ்வானாவிலும் பாடம் எடுத்தார். 2003 முதல் 2009 வரை டாக்காரில் உள்ள கோடெஸ்ரியா ஆய்வு மன்றத்தின் பதிப்புத் துறைக்குத் தலைவர். 2009இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குச் சமூக மானுடவியல் பேராசிரியராக வந்தார். நாவல்களும் எழுதுகிறார். காமரூனின் பமெண்டாவில் லங்கா என்ற பதிப்பகத்தைத் தொடங்கியவரும் இவரே. (நம் இலங்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நானும் முதலில் துள்ளிக் குதித்தேன்.)

இழையை எங்கே தொடங்குவது என்று யோசித்துப் பார்த்ததில் எனக்கு 2015 ஏப்ரல்தான் பட்டது. மார்ச் 9ஆம் தேதி சுமானி மாக்ஸ்வெலே என்ற மாணவர், பல்கலைக்கழக வளாகத்தில் 1934 முதல் உட்கார்ந்திருந்த, பிரிட்டிஷ் காலனிய ஆட்சியாளன் செசில் ரோட்ஸின் சிலைமீது மலத்தை வீசினார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 9 அன்று, கிரேன் வந்து சிலையைத் தூக்கிக்கொண்டு போனது. ஊரே ஆடியது. அதே நாட்களில் டர்பன் பக்கம் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. மலாவி, மொசாம்பிக், காங்கோ, எத்தியோப்பியா என்று வெளியிலிருந்து வந்த ஆப்பிரிக்கர்களை அடித்து விரட்டினார்கள், கடைகளைக் கொளுத்தினார்கள். ஒரே மாதத்தில் காலனியச் சின்னம் கீழே இறங்குகிறது, பக்கத்து நாட்டு ஏழையும் துரத்தப்படுகிறான். இரண்டையும் தனித்தனிச் செய்தியாகத்தான் நான் படித்திருந்தேன். நியாம்ஜோ 2016இல் ரோட்ஸ் போராட்டம் பற்றி எழுதிய நூலில் இரண்டையும் ஒரே முடிச்சில் போடுகிறார். தென்னாப்பிரிக்காவில் வெளி ஆப்பிரிக்கர்களை இழிவாகச் சொல்லும் 'மக்வெரெக்வெரே' என்ற சொல்லை எடுத்து ரோட்ஸின் தலையில் வைக்கிறார். 17 வயதில், 1870இல், அண்ணனின் பருத்தித் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவன் ரோட்ஸ். அழையாமல் வந்தவன்தான். அவன் மக்வெரெக்வெரே இல்லையா?

இதைப் பேசலாம். ஒரே வேண்டுகோள்: தயவுசெய்து யாரும் பூங்குன்றனாரை எழுப்ப வேண்டாம். பாவம், தூங்கட்டும்.

கரிசல்பூனை:
அண்ணே, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு இடத்துல இடிக்குது. ரோட்ஸ் கம்பெனி வச்சான், பட்டாளம் வச்சான், 1890ல கேப் காலனிக்குப் பிரதமரே ஆனான். ரொடீசியான்னு ஒரு நாட்டுக்கே தன் பேரை வச்சுக்கிட்டான். உங்க கார் காவல்காரரு வயித்துப் பொழப்புக்கு வந்தவரு. ரெண்டு பேரையும் ஒரே சொல்லுக்குள்ள திணிச்சா யாருக்கு லாபம்? நாளைக்கு எவனாவது 'பாத்தியா, எல்லா வந்தேறியும் ரோட்ஸ் மாதிரிதான் ஆரம்பிப்பான்'னு கெளம்புவான்.

மேசைமலை:
பூனையாரே, நீங்கள் இடறிய அதே கல்லைத்தான் அவர் வேண்டுமென்றே வழியில் போட்டு வைத்திருக்கிறார். அந்தச் சொல்லின் பிறப்பைப் பாருங்கள். நமக்குப் புரியாத பேச்சு காதில் 'குவெரெ குவெரெ' என்று விழுகிறது, அந்த ஓசையே ஆளுக்குப் பேராகிவிடுகிறது. கிரேக்கர் 'பார்பரோஸ்' என்றதும் இப்படித்தான். முல்லைப்பாட்டில் பாசறைக் காவலுக்கு நிற்கும், வாய் பேசாமல் உடம்பால் பேசும் மிலேச்சர் நினைவுக்கு வருகிறார்கள். அந்தச் சொல்லுக்குள்ளும் புரியாத பேச்சுத்தான் இருக்கிறது.

2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் வெளிநாட்டவருக்கு எதிராகத் தொடங்கிய வன்முறையில் 62 பேர் செத்தார்கள். தெருவில் மறித்து, முழங்கைக்கு சூலு மொழியில் என்ன பெயர் என்று கேட்டார்கள். 'இந்தொலொல்வானே' என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால் பிழைக்கலாம். செத்த 62 பேரில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். கையில் அடையாள அட்டை இருந்தும் குடியுரிமை நாக்கில்தான் இருந்தது.

ரோட்ஸின் முழங்கையைப் பிடித்து எவனும் கேள்வி கேட்டதில்லை. அவன் பேசியதும் உள்ளூர்க்காரர்களுக்குப் புரியாத பேச்சுத்தானே? ஆனால் அவன் பேச்சைக் கற்றுக்கொள்ளும் வேலை மற்றவர்கள் தலையில் விழுந்தது. துப்பாக்கியோடு வந்தவன் நில உரிமையாளர் ஆகிறான், பெட்டியோடு வந்தவன் மக்வெரெக்வெரே ஆகிறான். இரண்டு பேரும் ஒன்று என்று அவர் சொல்லவில்லை. ஒரே சொல் இரண்டு பேர்மீதும் ஏன் விழவில்லை என்று கேட்கிறார்.

கரிசல்பூனை:
சரி, முழங்கைக்கு ஒத்துக்கறேன்.

களக்குறிப்பு:
நான் மானுடவியல் ஆய்வு மாணவி. மேசைமலை அண்ணா கேப் டவுனில் தொடங்கிவிட்டார், ஆனால் நியாம்ஜோவின் கேள்வி அங்கே பிறந்ததல்ல. காமரூனில் முளைத்தது.

அவர் மேட்டுப் புல்வெளிப் பகுதிக்காரர், அதாவது வடமேற்கு. அங்கிருந்து தோட்ட வேலைக்கும் படிப்புக்கும் கடலோரத் தென்மேற்குக்குப் போனவர்களை அங்குள்ளோர் 'கேம்-நோ-கோ' என்பார்கள். வந்தான், போக மாட்டேன் என்கிறான் என்று பொருள். பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலத்தில் அது ஒரு தோல் அரிப்பு நோய்க்கும் பெயர். என்ன மருந்து போட்டாலும் விடாத சொறி. தமிழில் 'வந்தேறி' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அதில் இந்த அரிப்பு இல்லை. இவ்வளவுக்கும் இரு தரப்பாரும் ஒரே நாட்டுக் குடிமக்கள், இரு தரப்பாரும் ஆங்கிலம் பேசும் சிறுபான்மையினர். புவேயா இருப்பது அந்தத் தென்மேற்கில்தான். அங்கேதான் அவர் பாடம் எடுத்தார்.

1990களின் தொடக்கத்தில் ஒரு கட்சி ஆட்சி போய்ப் பல கட்சித் தேர்தல் வந்தது. ஜனநாயகம் வந்தால் ஒவ்வொருவனும் வெறும் வாக்காளன் ஆவான், ஊர் பேதம் மங்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். வாக்கு எண்ணிக்கைக்கு மதிப்பு வந்ததும், 'இந்த ஊரில் வாக்களிக்க நீ யார்?' என்ற கேள்விக்கும் மதிப்பு வந்துவிட்டது. 1996 நகராட்சித் தேர்தலில் துவாலா நகரில் எதிர்க்கட்சி வென்றபோது, வெளியூர்க்காரர்கள் மேயர்களா என்று உள்ளூர் சாவா மக்கள் ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டு வந்த அரசியல் சட்டம், மண்டல மன்றத் தலைவர் அந்த மண்ணின் பூர்வீகராக இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்தது. ஆட்சியில் இருப்பவருக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள். எதிர்க்கட்சியைத் தோற்கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களுக்கு வாக்களிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று சொன்னால் போதும்.

டச்சு மானுடவியலாளர் பீட்டர் கெஷியரேயோடு சேர்ந்து 2000இல் நியாம்ஜோ எழுதிய கட்டுரையின் மையம் இதுதான். முதலாளித்துவம் ஆட்களை இடம் பெயர்க்கிறது. இடம் பெயரப் பெயர 'மண்ணின் மைந்தன்' பேச்சும் கூடவே ஏறுகிறது. ஏற்றமரம் மாதிரி, ஒரு முனை கீழே போனால் மறுமுனை மேலே. 'பூர்வீகம்' பழங்காலத்தின் எச்சம் என்று நாம் நினைப்பதை அவர்கள் ஏற்பதில்லை. அது சந்தையோடு வளர்ந்த புதுச் சரக்கு.

போட்ஸ்வானாவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அமைதியான ஜனநாயகம் என்று எல்லோரும் பாராட்டும் நாடு. அதன் அரசியல் சட்டம் 8 த்ஸ்வானாக் குழுக்களை மட்டும் பெயர் சொல்லி அங்கீகரித்திருந்தது. கலாங்கா போன்ற மற்றவர்கள் குடிமக்கள்தான், ஆனால் கொஞ்சம் கம்மி.

பனைநிழல்:
எல்லாரும் சட்டம், தேர்தல் எண்டு போறியள். அவர் பேச்சுக்கு உயிர் குடுக்கிற கதையை ஒருத்தரும் சொல்லேல்லை. நான் சொல்லுறன்.

நைஜீரியாவிலை அமோஸ் டுட்டுவோலா எண்டொரு எழுத்தாளர். 1920இலை பிறந்து 1997இலை காலமானவர். பெரிசாப் படிச்சவர் இல்லை. 1952இலை வந்த அவற்றை முதல் நாவலின்ரை நாயகன் கள்ளுக் குடியன். அவனுக்குக் கள்ளிறக்கிறவன் பனையாலை விழுந்து செத்துப்போக, அவனைத் தேடிச் செத்தவையின்ரை ஊருக்கே போறான். எங்கட ஊரிலை இப்பிடியொரு தவறணைப் பக்தனை நான் கண்டதில்லை.

அந்தக் கதைக்குள்ளை ஒரு 'முழு கனவான்' வாறார். சந்தைக்கு வந்தவர். அழகெண்டால் அப்பிடியொரு அழகு. ஒரு பெட்டை அவருக்குப் பின்னாலை நடக்கத் தொடங்கீற்றாள். காட்டுப் பாதையிலை போகப் போக அவர் ஒவ்வொரு இடமா நிண்டு, கால் வாடகைக்குத் தந்தவனிட்டைக் காலைக் குடுத்து வாடகைக் காசையும் கட்டிறார். பிறகு வயிறு, விலா, நெஞ்சு, கை, கழுத்து. கடைசியிலை மிஞ்சினது வெறும் மண்டையோடு. அது உருண்டு உருண்டு போகுது.

நியாம்ஜோ இதைத்தான் பிடிச்சவர். ஒருத்தரும் முழுசா இல்லை, எல்லாரும் இரவல் வாங்கித்தான் நிக்கினம். வெட்கப்பட வேண்டினது இரவல் வாங்கினதுக்கு இல்லை, வாங்கினதை மறைச்சு 'நான் முழு ஆள்' எண்டு நடிக்கிறதுக்குத்தான். ரோட்ஸ் நடிச்சவன். 'இது எங்கட மண், நாங்கள் முழுசு' எண்டு அயலவனை அடிக்கிறவனும் நடிக்கிறான். 2017இலை டுட்டுவோலா பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினவர். படிச்ச ஆபிரிக்கர் பலர் டுட்டுவோலாவின்ரை உடைஞ்ச ஆங்கிலத்தைப் பார்த்துக் கூச்சப்பட்ட காலமும் இருந்தது. அதையும் அவர் விடேல்லை.

கரிசல்பூனை:
ஐயா, கதை ஜோரு. மண்டையோடு வாடகைய ஒழுங்கா கட்டுச்சே, அது ஒண்ணுதான் ஆச்சரியம்.

ஆனா அவரு 'இன்கம்ப்ளீட்னெஸ்'னு சொல்ற இதைத் தமிழ்ல என்னன்னு சொல்றது? 'முழுமையின்மை'ன்னு போட்டா வேதாந்த வகுப்பு மாதிரி இருக்கு. 'அரைகுறை'ன்னு போட்டா திட்டுற மாதிரி இருக்கு. அவரு திட்டலையே, அதுதான் மனுசன் லட்சணம்னு சொல்றாரு.

பனைநிழல்:
'குறையாள்' எண்டால்?

மேசைமலை:
'குறையாள்' நன்றாக இருக்கிறது, ஆனால் 'ஆள் குறைகிறது' என்று கொத்தனார் சொல்வதுபோல் கேட்கிறது. இதன் இணைச் சொல்லும் பாடுபடுத்துகிறது. குறையுள்ளவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சேர்ந்து வாழ்வதற்கு அவர் வைக்கும் பெயர் 'கன்விவியாலிட்டி'. அதன் லத்தீன் வேரில் விருந்து இருக்கிறது. கூடி உண்பது. 'நல்லிணக்கம்' என்றால் கலெக்டர் அலுவலகச் சுவரொட்டி ஆகிவிடும். 'பந்தி' என்று யோசித்தேன்.

களக்குறிப்பு:
பந்தியா? யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள், யார் இலை எடுத்தார்கள் என்று தெரிந்தவர்களிடம் அந்தச் சொல்லைக் கொண்டுவரலாமா அண்ணா? ஆனால் நீங்கள் தெரியாமல் சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். எனக்கு நியாம்ஜோவோடு சண்டை அங்கேதான்.

எல்லோரும் குறையுள்ளவர்கள் என்பது உண்மை. ஆனால் குறையின் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. நிலம் பறிகொடுத்தவனிடம் போய் 'நீயும் முழுமை இல்லை, அவனும் முழுமை இல்லை, கொடுத்து வாங்கி வாழுங்கள்' என்றால், பறித்தவன் உடனே கைதட்டுவான். திருப்பிக் கொடுப்பது யார், எப்போது, எவ்வளவு? டுட்டுவோலாவின் மண்டையோடுகூட வாடகை கட்டியது. ரோட்ஸின் வாரிசுகள் கட்டவில்லை.

இதற்கு நான் ஆர்ச்சி மஃபேஜேயிடம் போவேன். கிழக்குக் கேப்பில் பிறந்த மானுடவியலாளர். 1968இல் அதே கேப் டவுன் பல்கலைக்கழகம் அவரைச் சமூக மானுடவியல் முதுநிலை விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தது. அரசு மிரட்டியதும் பல்கலைக்கழக ஆட்சிமன்றம் நியமனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சுமார் 600 மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து 9 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் வெள்ளை மாணவர்கள். பலன் இல்லை. மஃபேஜே டார் எஸ் சலாம், ஹேக், கெய்ரோ என்று சுற்றினார். இனவெறி ஆட்சி போன பிறகு, 1990களில், திரும்பி வர முயன்றார். அப்போதும் அந்தப் பல்கலைக்கழகம் அவரை எடுக்கவில்லை. அவர் 2007இல் இறந்தார், மறு ஆண்டு மன்னிப்பு வந்தது. 2015இல் ரோட்ஸ் சிலைக்கு எதிரான மாணவர்கள் புகுந்ததும் அதே பிரெம்னர் கட்டடம்தான். அதற்கு அசானியா இல்லம் என்று பெயர் மாற்றினார்கள்.

மஃபேஜே 1971இல் எழுதினார்: தென்னாப்பிரிக்காவின் பூர்வகுடி மக்களிடம் 'டிரைப்' என்ற கருத்துக்குச் சொல்லே இல்லை. குலம் உண்டு, வம்சம் உண்டு, நாடு உண்டு, 'டிரைப்' இல்லை. நம் துறை அந்தச் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டியது. பிறகு அதே சொல்லை வைத்து ஆட்சி நடந்தது. கடைசியில் அவர், இந்தத் துறையே காலனியத்தின் பிள்ளை, இதைத் திருத்த முடியாது என்ற இடத்துக்குப் போய்விட்டார். நியாம்ஜோ துறைக்குள்ளேயே இருந்துகொண்டு விருந்து வைக்கிறார். எனக்கு மஃபேஜேயின் கோபம்தான் நேர்மையாகப் படுகிறது.

மேசைமலை:
தங்கச்சி, கோபம் நியாயம். ஆனால் நியாம்ஜோ வெறும் விருந்து வைப்பவர் என்பதை ஏற்க மாட்டேன். 2012இல் யானையைத் தடவிய குருடர் கதையை வைத்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். தென்னாப்பிரிக்க மானுடவியலாளர்கள் கறுப்பர்களையே ஏன் திரும்பத் திரும்ப ஆராய்கிறார்கள், பக்கத்து வீட்டு வெள்ளையர்களை ஏன் ஆராய்வதில்லை என்று அதில் கேட்டார். உள்ளூர்த் துறைக்காரர்கள் கொதித்து மறுப்பு எழுதினார்கள். அவரும் விடாமல் பதில் எழுதினார். ஆப்பிரிக்கக் கல்வியைக் கண்ணாடிக் கூடத்துத் தொட்டிச் செடி என்றதும் அதே ஆண்டில்தான். வெளியே மழை பெய்கிறது, உள்ளே செடிக்கு ஐரோப்பாவிலிருந்து தண்ணீர் வருகிறது.

நீங்கள் இன்னொரு அம்பையும் எடுத்திருக்கலாம், நானே எடுத்துத் தருகிறேன். கறுப்புப் பேராசிரியர்கள் எங்கே என்று கேட்டால், பல்கலைக்கழகங்கள் ஜிம்பாப்வே, காமரூன், நைஜீரியாவிலிருந்து வந்தவர்களைக் காட்டுகின்றன, உள்ளூர்க் கறுப்பர்களுக்கு வழி விடவில்லை என்ற குறை அங்கே உண்டு. அதாவது நியாம்ஜோவின் நாற்காலியே வழக்குப் பொருள். அப்படிப்பட்டவர் 'வெளியாளைத் துரத்தாதே' என்றால் சொந்தக் காரியம் பேசுகிறார் என்று ஒருவன் சொல்லலாம்.

களக்குறிப்பு:
அப்படிச் சொல்ல மாட்டேன். அது முழங்கைக் கேள்வியின் பல்கலைக்கழகப் பதிப்பு. ஆனால் உள்ளூர் மாணவியின் குறையும் பொய் இல்லையே. கேப் டவுனில் 2015 வாக்கில் முழுப் பேராசிரியர்களில் தென்னாப்பிரிக்கக் கறுப்பர்களை விரல்விட்டு எண்ணலாம். அவளிடம் 'குறையாள்' தத்துவம் பேசினால் என்ன பதில் வரும்?

மட்டுறுத்துநர்:
மலையக மக்களின் 1948 குடியுரிமைச் சட்டம் பற்றி வந்த 4 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியுள்ளேன். பேச வேண்டிய விஷயம், ஆனால் இந்த இழையை அது விழுங்கிவிடும். தொடருங்கள்.

டர்பன் பேரன்:
வணக்கம். தமிழ் எனக்குக் கோயில் வகுப்பில் வந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது. 342 பேர். எங்கள் முன்னோர் அதற்குப் பிறகு வந்த கப்பல்களில் ஒன்றில் வந்தவர்கள், கரும்புக்கு. 100 வருஷம் எங்களை அரசு 'திரும்பிப் போக வேண்டியவர்கள்' என்றே எழுதியது. காசு கொடுத்து அனுப்பிப் பார்த்தது. 1961இல்தான் இந்த நாட்டில் நிலையாக இருப்பவர்கள் என்று ஒப்புக்கொண்டது. 1949இல் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். பாட்டி அதைப் பேசவே மாட்டாள். அதனால் 'வந்தேறி' என்ற சொல் எனக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

தங்கை கேட்ட கேள்விக்கு என்னிடம் தத்துவம் இல்லை, வீட்டுக் கதை இருக்கிறது. நியாம்ஜோ 2006இல் எழுதிய குடியுரிமை நூலில் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா வீட்டு வேலைக்காரப் பெண்களைப் பற்றி நீண்ட பகுதி உண்டு. எஜமானிக்கு எல்லை தாண்டி வந்தவள்தான் பிடிக்கும். காகிதம் இல்லாதவள் எதிர்த்துப் பேச மாட்டாள். நாட்டின் எல்லைச் சண்டை சமையலறையில் நடக்கிறது. அதைப் படித்தபோது எங்கள் வீட்டைப் படித்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் மலாவிப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். 2015 ஏப்ரலில் இசிபிங்கோவில் அவள் அறைக்குப் பக்கத்து அறையை உடைத்தார்கள். சாட்ஸ்வொர்த்தில் கூடாரம் போட்டு அகதிகளை வைத்திருந்தார்கள். அங்கே போக வேண்டாம் என்று அம்மா அவளை எங்கள் கார் கொட்டகையில் படுக்க வைத்தாள். 11 நாள். சொந்தக்காரர்கள் போன் செய்தபோதெல்லாம், நாங்கள் ஒருத்தியைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று சொன்னோம். எனக்கும் பெருமைதான். பயம் இருந்ததால் அவள் வெளியே போகவில்லை, அதனால் காலை 5 மணியிலிருந்து இரவு வரை வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமையும்.

மாதக் கடைசியில் அம்மா 11 நாள் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் என்று சம்பளத்தில் கழித்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பனைநிழல்:
பந்தி எண்டு போட வேண்டாம், மேசைமலை.

கரிசல்பூனை:
தம்பி, கழிச்ச காசை அப்பறமாவது குடுத்தீங்களா?

டர்பன் பேரன்:
மலாவி அரசாங்கம் பஸ் அனுப்பியது. அதில் ஏறிப் போய்விட்டாள். ஊர் பிளாண்டைர் பக்கம் என்று மட்டும் தெரியும். அவள் முழுப்பெயர் அம்மாவுக்கும் தெரியாது, நான் கேட்டுப் பார்த்தேன்.